நீயே சொல்லு புள்ள

நினைவெடுப்பியின் கவசம் தலையில் இறங்கும்போது ஜெசிந்தா அரசு வழக்கறிஞரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மேடம். நானே வாயால சொல்லிருதேனே."

"வாய் பொய் சொல்லும்மா. சாட்சின்னா இந்த நாற்காலியில உக்காந்தே ஆகணும். சட்டம்."

"அப்ப அவுக?"

எதிரே கூண்டில் தனராஜ் அண்ணாச்சி ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். தூத்துக்குடியில் அவருடைய மீன் பதனிடும் ஆலையில் அம்மோனியா கசிந்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். ஒருவன் ஜெசிந்தாவின் தம்பி, மெக்கானிக் சூசை. எச்சரிக்கை மணியை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"அவர் குற்றம் சாட்டப்பட்டவர். தனக்கு எதிரா அவரே சாட்சியாக வேண்டியதில்ல. அவர் தலைய இயந்திரம் தொடக் கூடாது."

திரை ஒளிர்ந்தது. நினைவெடுப்பி கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எடுக்கும். அச்சத்தை எடுக்காது.

முதலில் சூசை. கந்தைத் துணியில் எதையோ பொதிந்துகொண்டு முதலாளி அறைக்குள் போனான். கதவு மூடியது. பிறகு மணி அலறியது. அவள் இறால் உரிக்கும் மேசையருகே அண்ணாச்சி வந்து நின்றார்.

"மூணாவது தடவ கத்துது. வேல நிக்குது, எறா கெடுது. நீயே சொல்லு புள்ள, என்ன செய்யலாம்?"

இருபது வருடமாக அவர் யாருக்கும் உத்தரவு போட்டதில்லை. கேட்பார். அவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடித்துத் தொழிலாளிதான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவர்களுக்கு மறுநாள் வேலை இருக்காது.

"நிறுத்திரட்டுமா அண்ணாச்சி?"

அவர் ஒன்றும் சொல்லாமல் நடந்தார். அடுத்துத் தெரிந்தது அவள் கை. சுவிட்சின் மேல்.

"அவுக மனசுல இருந்ததத்தான் ஐயா நான் சொன்னேன்!"

"அது திரையில் வரவில்லையே அம்மா" என்றார் நீதிபதி. அண்ணாச்சியை விடுவித்தார். "இனி நீங்கள்தான் குற்றம் சாட்டப்பட்டவர். வாய் திறக்க வேண்டியதில்லை. அந்த உரிமை உங்களுக்கு உண்டு."

"எல்லாத்தையும் உருவி எடுத்துட்டு இப்ப உரிமையா?"

கூண்டில் அவளை ஏற்றினார்கள். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டபடி கடந்து போனார். "சூசைக்குப் பூசை வச்சிருக்கேன் புள்ள. கவலப்படாத."

சூசை. மூடிய கதவு.

"ஐயா! என் கேசுல சாட்சி யாரு?"

அண்ணாச்சியின் கால் வாசலில் நின்றது.

"நான் மணிய நிறுத்துறேன்னப்ப பக்கத்துல நின்னது அவுக. என் தம்பி போன அறைக்குள்ள இருந்ததும் அவுகதான்."

"தனராஜ், நாற்காலியில் உட்காருங்கள்."

"நான் குற்றம் சாட்டப்பட்டவன். எனக்கு உரிமை இருக்கு!"

"ஐந்து நிமிடம் முன்புவரை இருந்தது."

வார்களை இறுக்கினார்கள். "அப்ப என் மேலயே கேசு போடுங்க! நான்தான் குத்தவாளின்னு எழுதிக்கிடுங்க!"

"என்ன குற்றம் என்று எழுதட்டும்?"

கூண்டிலிருந்து ஜெசிந்தா கேட்டாள்: "நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, என்ன செய்யலாம்?"

திரை ஒளிர்ந்தது. சூசை உயிரோடு நின்றான். துணியை அவிழ்த்து, விரிசல் விட்ட வால்வை மேசையில் வைத்தான்.

"இதேமாதிரிதான் அண்ணாச்சி, மேல அம்மோனியாக் குழாயில இருக்கதும் விரிஞ்சிருக்கு. இன்னிக்குத் தாங்காது."

"மாத்தணும்னா ரெண்டு நாள் ஆலைய மூடணுமே." குரலில் அவ்வளவு பாசம். "நீயே சொல்லு தம்பி, என்ன செய்யலாம்?"

ஜெசிந்தா கூண்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"நிறுத்துங்கய்யா! போதும், நிறுத்துங்க!"

சாட்சியின் நினைவைப் பாதியில் நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை.

"சொல்லாதலே சூசை! சொல்லாத!"

சூசை எல்லாரையும்போல முதலாளியின் முகத்தை ஒரு கணம் பார்த்தான். பிறகு வாய் திறந்தான்.