வரிசையில் வைத்த கரி

சண்டைக் காலம். பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வரவில்லை. ராயபுரத்தில் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து, கிடைத்த அரிசியை ரஷீது பாயின் கிடங்கில் வைத்து வீட்டுக்கு ஒரு படி கொடுத்தார்கள்.

மத்தியானம்தான் கொடுப்பார்கள். ஆனால் காலையிலேயே செங்கல், ஓட்டைப் பானை, ஒற்றைச் செருப்பு என்று எதையாவது வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். அவற்றுக்குக் கால் வலிக்காதே!

பத்து வயது ஃப்ளோரன்ஸ் தன் செங்கலோடு போனபோது, வரிசையில் பெரிய கரிக்கட்டி ஒன்று கிடந்தது. துறைமுகக் கரி வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். விழுவதைப் பொறுக்குவதில் அவள் கெட்டிக்காரி. வண்டியிலிருந்து விழுந்ததுதான் என்று பாவாடையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா சிலுவையம்மாள் அதை அடுப்பில் போட்டாள்.

மத்தியானம், துறைமுகத்தில் கரி சுமக்கும் குணசுந்தரி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"என் கரி எங்க? இங்கதான வச்சேன்!"

"கரியா? ஒரு செங்கல்லு கெடைக்கலியா உனுக்கு?" என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வேலைக்கு ஓடற அவசரத்துல கையில அதான் இருந்துச்சு."

வரிசையில் நின்ற ஃப்ளோரன்ஸ் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் சொல்லவில்லை. குணசுந்தரி கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வருமுன்பே அரிசி தீர்ந்துவிட்டது.

அன்று ஃப்ளோரன்ஸுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் சொல்லி அழுதாள். சாயங்காலம் இருவரும் சோற்றுச் சட்டியோடு குணசுந்தரி வீட்டுக்குப் போனார்கள். அவளுடைய மகன் சின்னப்பையன் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கியிருந்தான். எழுப்பியபோது சிணுங்கிக்கொண்டு புரண்டு படுத்தான்.

"அக்கா, கரிய நான்தான் எடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா என் எடத்துல வுட்டிருப்பாங்களே, பாப்பா" என்றாள் குணசுந்தரி.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஃப்ளோரன்ஸுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் கிடங்குக்குப் போனாள்.

"பாய், வேலைக்குப் போறவங்க பேரை எழுதிக்கினு, அவங்க அரிசிய முன்னாடியே எடுத்து வச்சிடுங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்குவாங்க."

"நல்ல ரோசனைதான். யாரு எழுதறது? எனக்குக் கண்ணு மசமசன்னு கீது."

"நான் எழுதறேன்."

முதல் பெயராகக் குணசுந்தரி என்று எழுதினாள்.

சாயங்காலம் குணசுந்தரி மகனோடு வந்தாள். ஃப்ளோரன்ஸ் படியைக் குவித்து அளந்து போட்டாள். சின்னப்பையன் கையிலிருந்த ஒரு கரித்துண்டை நீட்டினான்.

"வாங்கிக்க. வழியில பொறுக்கினது. இது யாரு எடமும் இல்ல" என்று குணசுந்தரி சிரித்தாள்.

ஃப்ளோரன்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கரியை அவள் அடுப்பில் போடவே இல்லை. பெயர் எழுதிய காகிதம் பறக்காமலிருக்க, தினமும் அதன்மேல் வைத்தாள்.