முஸீரோ பூசாத முகம்

கோட்டைத் தொட்டியின் கயிறு ஈரமாக இருந்தது. அத்தீஜா அதைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தாள். காலையிலிருந்து ஒரு ஆளும் தண்ணீர் இறைக்க வரவில்லை என்று காவல்கார அமீசி இப்போதுதான் கோட்டை வாசலில் சொன்னான். வெயிலோ மொசாம்பிக் தீவின் கல்லையெல்லாம் பொரித்துக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, கயிறு மட்டும் எப்படிச் சொட்டச் சொட்ட நனையும்? அழுதழுது ஓய்ந்த கண்ணுக்கு எல்லாமே ஈரமாகத்தான் தெரியும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு வாளியைக் கட்டினாள்.

மறுநாள் அவள் மகள் முவாஜுமாவுக்கு நாற்பதாம் நாள் ஓதல். ஏழு வயதுப் பிள்ளை; கடல் வற்றிய நேரம் சிப்பி பொறுக்கப் போனவளை அலை வாரிக்கொண்டது. ஓதல் சோற்றைக் கோட்டைத் தொட்டியில் நிற்கும் மழைத்தண்ணீரில்தான் ஆக்க வேண்டும். ஆனால் பெற்றவள் தொட்டிப் பக்கமே போகக் கூடாது. போனால் குனிவாள், குனிந்தால் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள் என்று தீவுப் பெண்களுக்குப் பயம்.

அதனால்தான் நாத்தனார் ருக்கியா கூடவே வந்திருந்தாள். அவள் வாய் சும்மா இருக்குமா?

"சூரியன் இறங்கினதும் பூட்டிடுவேன்," என்றான் அமீசி.

"உள்ள என்னத்தடா வச்சிருக்க, பூட்டுறதுக்கு? போர்த்துக்கீசியன் விட்டுட்டுப் போன துருப்பிடிச்ச பீரங்கிதானே? அதையா தூக்கிட்டுப் போகப் போறோம்?"

அவர்கள் சண்டை சூடு பிடித்த நேரம் பார்த்து, அத்தீஜா குடத்தோடு உள்ளே நழுவி வந்திருந்தாள்.

அவளுக்குத் தண்ணீர் ஒரு சாக்கு. முவாஜுமா இங்கே வந்தாலே தொட்டி வாய்க்குள் தலையை விட்டுத் தன் பெயரைத்தானே கூவுவாள். எதிரொலி வந்ததும் வயிறு குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சத்தத்தில் ஒரு துளியாவது இந்த இருட்டுக்குள் மிச்சம் இருக்காதா என்று பெற்ற மனம் அடித்துக்கொண்டது. இடுப்புத் துணியில் ஒரு சின்ன டப்பாவை முடிந்து வந்திருந்தாள். உள்ளே முஸீரோ, கட்டையைக் கல்லில் உரைத்தெடுத்த வெள்ளைக் குழம்பு. "எனக்கும் உன்னைப் போல முகத்துல பூசி விடும்மா," என்று கடல் கொண்டுபோன அன்று காலை பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு கெஞ்சியது. "நாளைக்குப் பூசுறேன், போடி," என்று விரட்டினாள். பாவி! ஒரு நிமிட வேலை.

வாளியை உள்ளே இறக்கிக் குனிந்தாள். பாசி வாடை, பழைய சுண்ணாம்பு வாடை, அதற்கும் அடியிலிருந்து பிள்ளையின் தலையில் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் வாடை. வௌவால்கள்கூட அசையாத அமைதியில், மதிலுக்கு அப்பால் கடல் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"முவாஜுமா!"

அவள் குரலே திரும்பி வந்தது.

"முவாஜுமா!"

இம்முறை தாமதமாக வந்தது. சின்னதாக. கீச்சென்று. கடைசியில் ஒரு சிரிப்போடு.

ஓடிவிடு என்று உடம்பு சொன்னது. மனசு கேட்கவில்லை. "கண்ணே, நீயாடி? அம்மா வந்திருக்கேன்டி!"

இன்னும் கொஞ்சம் எட்டிக் காதைக் கொடுத்தாள்.

கயிறு இரண்டு முறை இழுபட்டது. பிள்ளை அவள் துணியைப் பிடித்து இழுப்பாளே, அதே போல.

"அண்ணி!" வாசலிலிருந்து ருக்கியா கத்தினாள். "எங்க போயிட்டீங்க? அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

அத்தீஜா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை.

குரல் தொட்டிக்குள்ளிருந்து வந்தது. அவளுடைய குரல்.

"இங்கதான் இருக்கேன் ருக்கியா. கொஞ்ச நேரம் தனியா அழுதுட்டு வர்றேன். நீ போய் அரிசியை ஊற வை."

ருக்கியாவின் குரல் தழுதழுத்தது. "சரி அண்ணி. நல்லா அழுதுட்டு வாங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. அத்தீஜா குடத்தைக் கல்லில் அடித்தாள். மறுபடி அடித்தாள். யாரும் திரும்பவில்லை.

கீழே தண்ணீர் சலசலத்தது.

"அம்மா, முஸீரோ பூசி விடும்மா."

"வாடி கண்ணு," என்றது அவள் குரல். "நாளைக்குன்னு சொல்லவே மாட்டேன்."

அத்தீஜா இடுப்பு முடிச்சைத் தடவினாள். டப்பா திறந்து கிடந்தது. காலி.

எட்டிப் பார்த்தாள். கறுத்த தண்ணீரில் இரண்டு வெள்ளை முகங்கள். பெரியது ஒன்று. சின்னது ஒன்று. கன்னத்தோடு கன்னம். பெரிய முகம் அவளுடையது. சின்ன முகம் அண்ணாந்து பார்த்தது. அடையாளம் தெரியாமல் பார்த்தது.

"அம்மா, மேல நிக்கிறது யாரும்மா?"

"யாருமில்லடி கண்ணு."