காட்டுக்குப் போகாத கேத்தில்

புதன்கிழமை பெட்டிக்குள் வைத்த தேநீர்க் கேத்தில், வியாழக்கிழமை காலையில் அடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, நீங்களோ எடுத்தது?" என்று கேட்டாள் சுகந்தினி.

"எனக்கு வேறை வேலை இல்லையோ? உன்ரை அப்பாட்டைக் கேள். தேத்தண்ணி எண்டால் அவருக்குப் பெட்டி என்ன, பூட்டு என்ன!"

அப்பா இரண்டு கைகளையும் உயர்த்தினார். "நான் தொடவே இல்லை!"

சுகந்தினி கேத்திலைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள். அவளுக்குப் பதினொரு வயது. பயணத்துக்கான சாமான்களை அடுக்கும் பொறுப்பு அவளுடையது.

பயணம் என்றால் சாதாரணப் பயணமா! அப்பாவோடு வேலை செய்யும் கோபாலன் மாமா தன்னுடைய கேம்பர் வானை மூன்று நாளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வண்டிக்குள்ளேயே கட்டில் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சின்னத் தொட்டிகூட இருக்கிறது. அதில் ஏறி, அவர்கள் குடியிருக்கும் டூட்டிங்கிலிருந்து நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டு ஞாயிறு மாலை திரும்புவது என்று திட்டம்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு வாரமாக இதே பேச்சுத்தான்.

"காட்டுக்குப் புட்டுக்குழல் எதுக்கு?" என்பார் அப்பா.

"ஏன், காட்டிலை பசிக்காதோ?" என்பாள் அம்மா.

சித்தியும் அவளுடைய மகள் நிறோஜாவும் இவர்களோடு வருகிறார்கள். போன மாரிகாலத்தில்தான் அவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள்; அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஜெர்மனியில் வேலை. நிறோஜாவுக்கு ஏழு வயது. அதிகம் பேசமாட்டாள்.

அன்று மாலை வண்டி வந்து வீட்டு வாசலில் நின்றது. கிரீம் நிறம். தெருவில் போனவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சுகந்தினி பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு, போர்வைகளை எடுக்க மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது அப்படியே நின்றுவிட்டாள்.

நிறோஜா வண்டிக்குள்ளிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் கேத்தில். மற்றக் கையில் மீன் டின். கக்கத்தில் ரோச் லைட்.

சுகந்தினிக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. 'ஏய்!' என்று கத்த வாயைத் திறந்தாள். ஆனால் நிறோஜாவின் முகத்தில் குறும்பு இல்லை. அவள் அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

சுகந்தினி வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். சிறிது நேரம் கழித்து நிறோஜாவும் வந்து உட்கார்ந்தாள்.

"பாரமாயிருக்கும். கேத்திலைத் தாவன். நான் வைச்சிருக்கிறன்."

நிறோஜா கொடுத்தாள்.

"உனக்குக் காட்டுக்குப் போக விருப்பமில்லையோ?"

"காடு பிரச்சினையில்லை அக்கா."

"அப்ப?"

"சாமான் கட்டினால் போறது. போனால் திரும்பி வாறேல்லை."

"நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்திடுவம். சத்தியமா!"

"ஊரிலை வெளிக்கிடேக்கையும் ரெண்டு நாளிலை வந்திடுவம் எண்டுதான் அம்மா சொன்னவ. என்ரை பூனைக்கு ரெண்டு நாளுக்குக் காணுமான சோறு வைச்சிட்டு வந்தனான்."

இனி எத்தனை தரம் சத்தியம் செய்தாலும் அது நிறோஜாவுக்குப் போதாது என்பது சுகந்தினிக்கு விளங்கியது. அவள் நிறோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேத்திலை உள்ளே கொண்டுபோய், அன்றைக்கு அடுப்பின் மேலேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள்: "விடிய எழும்பி, சனிக்கிழமை பால் வேண்டாம் எண்டு பால்காரருக்குச் சொல்லவேணும். இல்லாட்டி வாசலிலை நிண்டு புளிச்சுப்போகும். ஞாயிறு எப்பிடியும் அவர் வாறேல்லை."

சுகந்தினி நிமிர்ந்தாள். அவளுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது.

"அம்மா, நானும் நிறோஜாவும் சொல்லுறம்!"

விடிந்ததும் இருவரும் குளிராடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். பால்வண்டி ஊர்ந்து வந்தது. பால்காரர் டெரிக் போத்தல்கள் கிலுகிலுக்க இறங்கினார்.

"நீயே சொல்லு. உனக்கு ஏலும்" என்றாள் சுகந்தினி.

நிறோஜா பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள். நாளைக்குப் பால் வேண்டாம். நாங்கள் காட்டுக்குப் போகிறோம். திங்கட்கிழமை பால் வேண்டும்.

"திங்கட்கிழமையா? எத்தனை போத்தல்?" என்று கேட்டார் டெரிக்.

நிறோஜா அக்காவைப் பார்த்தாள். அக்கா வானத்தைப் பார்த்தாள்.

"மூன்று" என்றாள் நிறோஜா. பிறகு, "இல்லை, நான்கு. வந்ததும் நிறையத் தேநீர் குடிப்போம்" என்றாள்.

"நான்கு போத்தல். திங்கட்கிழமை பார்க்கலாம், மேடம்!" டெரிக் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இவர்கள் திரும்பி வருவார்களா என்று அவர் யோசிக்கவே இல்லை. சூரியன் வருமா என்று யாராவது யோசிப்பார்களா?

நிறோஜா அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வேறை ஆருக்கும் சொல்லவேணுமோ?"

"உன்ரை விருப்பம்."

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னாள். தபால்காரரிடம் சொன்னாள். மூலைக்கடையில் பாண் ரொட்டி வாங்கப் போன இடத்தில், திங்கட்கிழமைக்கும் ஒரு பாண் எடுத்து வைக்கச் சொன்னாள்.

அம்மா தலையில் கை வைத்தாள். "தெரு முழுக்கச் சொல்லிப்போட்டாள்! இனிக் கள்ளனுக்கு மட்டும்தான் சொல்லேல்லை!"

சித்தி சிரிக்கத் தொடங்கினாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாயிற்று.

மத்தியானம் வண்டி புறப்படும்போது, நிறோஜா தானே ஓடிப்போய்க் கேத்திலைக் கொண்டுவந்து ஏற்றினாள்.

காட்டில் பெரிய ஓக் மரங்களின் கீழே வண்டியை நிறுத்தினார்கள். குட்டைக் குதிரைகள் கட்டுக்கயிறு இல்லாமல் உலாவின. சனிக்கிழமை மாலை, அவற்றில் ஒன்று நேரே வந்து நிறோஜாவின் காலிலிருந்த சப்பாத்தை முகர்ந்து பார்த்தது. அவள் மூச்சுவிடாமல் நின்றாள். அது போன பிறகு, சுகந்தினியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போகேலாதோ?"

"அதெப்பிடி ஏலும்? திங்கட்கிழமை நாலு போத்தல் பால் வருமே!"

நிறோஜா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! நான் செவ்வாய்க்கிழமை எண்டு சொல்லியிருக்கலாம்!"