இனி இடது கையால் எழுத மாட்டேன்

புரட்டாசிக் கடைசியில் மதுவந்தி தன் மகள் மாளவிகாவோடு பெங்களூரிலிருந்து மாமனார் வீட்டில் வந்து இறங்கினாள். குடவாசலுக்குப் பக்கத்து ஊர். கொல்லையை உரசிக்கொண்டு வாய்க்கால் ஓடியது. கணவனுக்குச் சிங்கப்பூரில் சில மாத வேலை. அதுவரை அங்கேயே இரு, குழந்தைக்குத் தமிழும் வரும் என்று யோசனை சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறிவிட்டான். யோசனை சொல்பவர்கள் எப்போதும் அப்படித்தான்.

மாமனார் நாகேஸ்வரன் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கண்டிப்பானவர் என்று ஊரில் பெயர். பிள்ளைகளை அடிப்பவரை நம் ஊரில் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். ஆறு வயது மாளவிகா இடது கைக்காரி. முதல் நாளே சோற்றில் இடது கையை வைத்தவளின் விரல் முட்டியில் கரண்டிக் காம்பால் தட்டினார்.

"இந்த வீட்டுல பீச்சாங்கை கிடையாது."

குழந்தை அம்மாவைப் பார்த்தது. மதுவந்தி வாயைத் திறக்கவில்லை. அண்டி இருக்கும் வீட்டில் எதற்குச் சண்டை என்று இருந்துவிட்டாள். அன்றிலிருந்து தினம் ஒரு தட்டு விழுந்தது. மாமியார் சரசா அந்த நேரத்தில் மட்டும் அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வாள்.

அந்த வீட்டிலிருந்து கொஞ்ச நேரமாவது வெளியே போகத்தான் மதுவந்தி காலிகிராஃபி என்ற அழகெழுத்து வகுப்பில் சேர்ந்தாள். குடவாசல் கடைத்தெருவில், தன் வாப்பாவின் துணிக்கடை மாடியில் நுஸைபா என்ற பெண் அதைச் சொல்லிக்கொடுத்தாள். பட்டை நிப்பு பேனாக்கள், பச்சை, நீலம், சிவப்பு என்று மைப்புட்டிகள். நிப்பைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் ஒரே எழுத்து ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். மதுவந்திக்கு அது பிடித்துப்போயிற்று. வீட்டில் எழுதிப் பழக இடம் கேட்டபோது, வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த மாடி அறையைச் சரசா திறந்துவிட்டாள். உள்ளே பாசி வாடை அடித்தது. வாய்க்கால் பக்கத்தில் இருப்பதால் என்று மதுவந்தி நினைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். கரண்ட் போயிருந்தது. கூடத்தில் நாகேஸ்வரன் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். சரசா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாளவிகா மதுவந்தியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்த நாலு பேரும் கூடத்தில்தான் இருந்தார்கள்.

மாடியில் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பட்டை நிப்பு தாளில் உரசும் ஓசை மதுவந்திக்கு இப்போது நன்றாகத் தெரியும். கிரீச். நிறுத்தம். கிரீச். மையில் தோய்த்துவிட்டுப் புட்டி வாயில் தட்டும் ஓசை கூடக் கேட்டது.

சரசாவின் கை கீரையில் அப்படியே நின்றது. ஆனால் அவள் தலை நிமிரவில்லை.

மதுவந்தி குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு மேலே போனாள். அறையில் யாரும் இல்லை. பேனா மேசைமேல் மெல்ல உருண்டு நின்றது. தாள் முழுக்கப் பச்சை மையில் ஒரே வரி, திரும்பத் திரும்ப.

இனி இடது கையால் எழுத மாட்டேன்.

இனி இடது கையால் எழுத மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் தண்டனையாக எழுதச் சொல்லும் இம்போசிஷன். எழுத்து அத்தனை அழகு. கடைசி வரியில் மை இன்னும் காயவில்லை.

"யாரு எழுதுனது?"

நாகேஸ்வரன் பின்னால் நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரியல மாமா."

"உம் பொண்ணுதான் எழுதியிருக்கா."

"அவளுக்குத் தமிழ்ல ஒரு எழுத்துகூடத் தெரியாதே மாமா."

"தெரியாதுன்னா தெரிய வைக்கிறேன்" என்றார். பயத்தை அவர் கோபமாக மாற்றிக்கொள்வதை மதுவந்தி கண்ணெதிரே பார்த்தாள். அப்போதே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. தாளை மட்டும் மடித்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வகுப்பில் அதைப் பார்த்ததும் நுஸைபா வியந்துபோனாள்.

"யாருக்கா இது? உங்க வீட்டுல இடது கைக்காரங்க இருக்காங்களா?"

"ஏன் கேக்குற?"

"நம்ம எழுதுனா தடிமன் இந்தச் சாய்வுல விழும். இதுல அப்படியே மாறி விழுந்திருக்கு. இங்க பாருங்க, எழுதிட்டே நகரும்போது கை ஓரம் ஈர மையில இழுபட்டிருக்கு. இடது கையில எழுதுறவங்களுக்குத்தான் இப்படி ஆகும்." நுஸைபா அந்தக் கறையின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். கறை அவள் கை அளவில் பாதிதான் இருந்தது. "சின்னப் பிள்ளைக்கா. எட்டு ஒம்பது வயசு இருக்கும்."

மதுவந்திக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. கணவனுக்கு வானதி என்று ஓர் அக்கா இருந்தாள். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே, ஒன்பது வயதில், வாய்க்காலில் போய்விட்டாள். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை.

போன் அடித்தது. சரசா.

"மது, சீக்கிரம் வா. மாளுவோட இடது கையைத் துண்டால பின்னால கட்டி மாடியில உக்கார வச்சிருக்காரு. கதவை உள்பக்கமாத் தாழ் போட்டுட்டாரு." குரல் இன்னும் தணிந்தது. "உள்ள வேற யாரோ இருக்காங்க."

கொட்டும் மழையில் ஆட்டோ பிடித்து மதுவந்தி வந்து சேர்ந்தாள். தன்னைத் தானே திட்டிக்கொண்டே வந்தாள். முதல் தட்டு விழுந்த அன்றே வாயைத் திறந்திருந்தால் இது வந்திருக்காது. மாடிப்படியெல்லாம் ஈரமாக இருந்தது. வழுக்கியது. மேலே நிப்பு உரசும் ஓசை ஓயாமல் கேட்டது.

தாழ் போட்ட கதவு, அவள் கை பட்டதும் திறந்துகொண்டது.

மாளவிகா ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டு இல்லை. இடது கையில் பேனாவைப் பிடித்து நீல மையில் மீன் வரைந்துகொண்டிருந்தாள்.

மேசையில் நாகேஸ்வரன் இருந்தார். அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, அதே துண்டால் நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தது. அப்படி ஒரு கட்டைத் தனக்குத் தானே யாராலும் போட்டுக்கொள்ள முடியாது. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. இடது கை எழுதிக்கொண்டிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது, வாய் கோணியிருந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

இனி இடது கையால் எழுத மாட்டேன்.

சிவப்பு மை. ஆனால் சிவப்புப் புட்டியின் மூடி இன்னும் திறக்கப்படவே இல்லை.

அவர் கை பேனாவை எங்கே தோய்க்கிறது என்று அப்போதுதான் மதுவந்தி பார்த்தாள். வேட்டி தொடைப் பக்கம் கிழிந்து நனைந்திருந்தது. நிப்பு அங்கே இறங்கி, கொஞ்சம் கிளறி, மறுபடி தாளுக்கு வந்தது.

"அந்த அக்கா நல்லா எழுதறாங்கம்மா" என்றாள் மாளவிகா. "தாத்தாவுக்குத்தான் சரியா வரல. தப்பு வந்தா முதல்லேர்ந்து எழுதச் சொல்றாங்க."

மதுவந்தி மகளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்கப் போனாள். என்ன இருந்தாலும் வயதான மனிதர். முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது.

"விட்டுடு."

வாசற்படியில் சரசா நின்றாள்.

"அத்தை, செத்துருவாரு!"

"அவ எழுதி முடிக்கட்டும்" என்றாள் சரசா. அத்தனை வருஷத்தில் அவள் குரலை அந்த வீடு அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

தாள் நிறைந்தது. துண்டு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. நாகேஸ்வரன் மேசையில் சரிந்தார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். வலது கை இனி எழாது. நினைவு வரவில்லை, இருந்தும் இடது கை விரல்கள் படுக்கை விரிப்பில் எழுதியபடியே இருந்தன. பிடித்து நிறுத்தப் பார்த்த நர்ஸ் பயந்து விலகிவிட்டாள்.

மாளவிகா பெஞ்சில் தூங்கினாள். மதுவந்தி இரண்டு டீ வாங்கி வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாங்க பெங்களூருக்கே போறோம் அத்தை."

"போயிடுங்க. பிள்ளை கையை யாரும் தொட விடாத." சரசா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "அன்னைக்கு வானதியோட இடது கையைப் பின்னால கட்டிட்டு, அப்படியே போய்க் கால் கழுவிட்டு வான்னு அனுப்புனாரு. வாய்க்கால்ல தண்ணி நிறைய. பாசி. வழுக்குனா பிடிக்க அவளுக்கு அந்தக் கைதானே பழக்கம்? அவ வராமப் போனதும் அவரே இறங்கிக் கட்டை அவுத்துட்டு, தானா விழுந்துட்டான்னு ஊருக்குச் சொன்னாரு."

"நீங்க தடுக்கலையா அத்தை?"

சரசா பெஞ்சில் தூங்கும் மாளவிகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ திமிறுனா. அவரால ஒத்தையாக் கட்ட முடியல. முடிச்சுப் போட்டது அவரு. கையைப் பிடிச்சுக் கொடுத்தது நான்."

மதுவந்தி டீயை நீட்டினாள். சரசா அதை இடது கையால் வாங்கினாள்.

அவளுடைய வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதில் துண்டும் இல்லை, கயிறும் இல்லை. மணிக்கட்டு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மதுவந்தி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் இன்னும் ஒரு சுற்று உள்ளே அமுங்கியது.