ஒரே ஏரி, இரண்டு ஊர்

அது சும்மா மழையா? வானத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு, மூட மறந்து ஊருக்குப் போய்விட்ட மழை! ஏரி மதகில் குனிந்து நீர்மட்டம் பார்த்தவளின் தலையில் 'ணங்'கென்று இன்னொரு தலை மோதியது.

"ஐயோ! கண்ணு தெரியல?"

"தெரியுதே... இப்பதான் நல்லாத் தெரியுது."

நிமிர்ந்தாள். அப்பப்பா, அவ்வளவு மழையிலும் நனையாத குறும்பு அந்தக் கண்களில்! அவள் கண்கள் மட்டும் லேசுப்பட்டவையா? அவன் கையிலிருந்த அளவு டேப் நழுவி ஏரிக்குள் போனது... அவனுக்குத் தெரியவே இல்லை.

"இங்க என்ன வேலை உங்களுக்கு? இது எங்க மேற்கு ஊர் ஏரி. முப்பது வருஷத் தண்ணித் திட்டம் போடறது நான்தான்."

"அடடா! கிழக்கு ஊருக்குப் போடறது நான். எங்க வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இதே ஏரிதான் மேடம்!"

திக்கென்றது அவளுக்கு. ஒரே மாப்பிள்ளையை இரண்டு வீட்டில் நிச்சயம் செய்த கதையாக, இரண்டு அலுவலகமும் ஒரே ஏரியை முழுசாக எழுதி வைத்திருந்தன! நாளை ஒப்புதல் கூட்டம். தோற்கிற ஊரில் புது வீடுகளுக்குத் தண்ணீரே கிடையாது.

"ஒரு சொட்டு விட மாட்டேன்," என்றாள்.

"கோபத்துல இன்னும் அழகா..."

"போய்யா!"

ராத்திரி முழுக்க வாதம் தயார் செய்தாள். ஆனால் கூட்டத்தில் அவன் முந்திக்கொண்டான்.

"எங்க தொழிற்சாலைகளுக்கு ஏரித் தண்ணி வேண்டாம். மேற்கு ஊர் குளிச்சு விடற தண்ணியைச் சுத்திகரிச்சுக் குடுங்க. குடிக்க, ரெண்டு ஊருக்கும் ஏரி போதும்."

அறையே அவளைப் பார்த்தது. சண்டைக்கென்று மூட்டை கட்டி வந்த வாதமெல்லாம் என்னாவது? அவனிடம் போய்த் தலையாட்டுவதா? கால்குலேட்டரைத் தட்டினாள்... பாவி, சரியாக வருகிறதே! புது வீடுகள் கண்முன் வந்து நின்றன. கௌரவத்தை மாத்திரை மாதிரி விழுங்கினாள்.

"சம்மதம்."

வராந்தாவில் வழிமறித்தாள். "எனக்காகத்தானே விட்டுக் குடுத்தீங்க?"

"சேச்சே, ஊருக்காக. உங்களுக்குன்னா ஏரியையே தூக்கிக் குடுத்திருப்பேனே!"

சிரிப்பை அடக்கினாள். "உங்க திட்டத்துல ஒரு தப்பு இருக்கு."

அவன் அவசரமாகத் திட்டத் தாள்களைப் புரட்டினான். "எங்க?"

"கிழக்கு ஊர் ஜனத்தொகையில... ஒரு ஆள் குறையுது." பார்வை தரைக்குப் போனது. "என்னையும் சேத்துக்கங்க."