இரண்டாம் ஓலை

டெல்வினின் உடல், கேரள எல்லையில் உள்ள காரோடு என்ற ஊரின் கடற்கரையில் ஒதுங்கியது.

பவுலா அழவில்லை. அழக்கூடாது என்று உத்தரவு...

உத்தரவு போட்டவன் பக்கத்திலேயே நின்றான். நிக்கோலஸ். டெல்வினோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். முந்தைய நாள் சாயங்காலம் டெல்வினைக் கடல்சுவரிலிருந்து தள்ளிவிட்டவனும் அவன்தான். பாறை மறைவில் நின்று அதைப் பார்த்ததும், அவன் கண்ணில் பட்டுத் தொலைத்ததும் பவுலாவின் கெட்ட நேரம்.

“ரெண்டு வழி உண்டு, பிள்ளே,” என்றான் அவள் காதருகே. “ஒண்ணு, அவனுக்குத் துணையா நீயும் போவலாம்...”

“ரெண்டாவது?”

“என்னைக் கெட்டு. கெட்டின பெண்டாட்டி மாப்பிளைக்கு எதிரா சாட்சி சொல்ல முடியாது. சட்டமாக்கும்.”

பழைய காதல் நாவல்களில் இப்படி வசதிக்காகக் கல்யாணம் நடக்கும். முதல் அத்தியாயத்தில் முறைத்துக்கொள்வார்கள், கடைசி அத்தியாயத்தில் கட்டிக்கொள்வார்கள். பவுலாவும் அதில் ஒரு மூட்டை படித்தவள்தான். அந்த நாயகர்களில் எவனும் கொலை செய்துவிட்டுப் பெண் கேட்டதில்லை.

“மாட்டேண்ணு சொன்னா?”

“உனக்க தங்கச்சி ஷைனா, உதியன்குளங்கரைக்குத் தையல் படிக்கப் போறா இல்லியா? இனி எனக்க ஜீப்பில போவட்டும். கொண்டு விடதும் நான்... திருப்பிக் கொண்டு வாறதும் நானாக்கும்.”

அப்பா, அம்மா இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஷைனா ஒருத்திதான்.

“கோயில்ல வச்சு கெட்டணும்,” என்றாள். “இல்லேண்ணா ஊரு பேசும்.”

“அதுக்கென்ன, ஆவட்டும்.”

அவள் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டான். வாசல், கிணற்றடி, கடைத்தெரு... திரும்பிய இடமெல்லாம் நிக்கோலஸ்!

அவன் நுழைய முடியாத அறை ஒன்றே ஒன்று. பங்குத் தந்தையின் அறை. கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துச் சம்மதம் கேட்பது முறை.

சன்னலுக்கு வெளியே ஜீப். அதனுள்ளே ஷைனா. ஸ்டியரிங்கில் நிக்கோலஸ்.

“முழு மனசோடதானா மக்கா?” என்று கேட்டார் ஃபாதர் ராபின்சன். “ஆராவது நிர்ப்பந்திச்சாங்களா?”

சொல்லிவிடலாம்... ஆனால் போலீஸ் வருவதற்குள் ஜீப் போய்விடும்.

“சம்மதம்தான், ஃபாதர்.” பவுலா குரலைத் தாழ்த்தினாள். “ஒரு காரியம் மட்டும்... அவரு இந்தப் பங்கு ஆளு இல்ல. சொந்த ஊரு தமிழ்நாட்டில மேட்டுக்கரை.”

“இங்க உள்ளவன்ணுதானே எங்கிட்ட சொன்னான்? அப்போ அங்கயும் ஓலை வாசிக்கணுமே.”

“வாசிக்கணும், ஃபாதர். அவருகிட்ட சொல்லண்டாம்.”

‘உனக்க சொந்த ஊரு மேட்டுக்கரைக்கு நீ ஏன்டே போறதே இல்ல?’ கடல்சுவரில் நின்று நிக்கோலஸிடம் டெல்வின் கேட்ட கடைசிக் கேள்வி அது. கேட்டதும் விழுந்தான். அங்கே என்ன இருக்கிறதென்று பவுலாவுக்குத் தெரியாது. நிக்கோலஸ் எதற்கோ பயப்படுகிறான் என்பது மட்டும் தெரியும்.

ஓலை என்பது ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, தடை உண்டா என்று ஊரைக் கேட்பது. மூன்று வாரம் வாசிப்பார்கள். இருவர் ஊரிலும் வாசிப்பார்கள்.

முதல் ஞாயிறு... காரோட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நிக்கோலஸ் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தான். பவுலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு. நிக்கோலஸ் ஷைனாவின் மணிக்கட்டைப் பிடித்து, தன் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தான்.

“தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்...”

“எனக்குத் தெரியும், ஃபாதர்.”

கடைசி வரிசையில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் எழுந்தாள்.

“எனக்க பேரு ஜெசிந்தா. மேட்டுக்கரை. போன ஞாயிறு எங்க கோயில்ல இந்த ஆளுக்கு ஓலை வாசிச்சாங்க. அஞ்சு வருசம் முன்ன கடல்ல செத்துப்போன எனக்க மாப்பிளையாக்கும் இது.”

நிக்கோலஸின் பிடி தளர்ந்தது.

பவுலா பாய்ந்து தங்கையை இழுத்துக்கொண்டாள். அத்தனை நாளும் அடக்கி வைத்தது வெடித்து வந்தது.

“டெல்வினைத் தள்ளிக் கொன்னது இவன்! நான் கண்ணால பாத்தேன்!”

அவன் வாசலுக்கு ஓடினான். டெல்வினின் வள்ளத்துக்காரர்கள் முந்திக்கொண்டு கதவைத் தாழிட்டார்கள். சன்னல் பக்கமும் ஆள் நின்றது. திரும்பிய இடமெல்லாம் கடல்காரர்கள்.

“ஜெசி... நீயாவது சொல்லு,” கெஞ்சினான். “நான் உனக்க மாப்பிளை இல்லியா?”

ஜெசிந்தா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாப்பதாம் நாளு உனக்குப் பூசை வச்சு, ஊருக்கே சோறு போட்டாச்சு. இப்ப நீ உயிரோட வந்து நின்னா, தின்னவங்க மூஞ்சியில நான் எப்பிடி முழிக்கது?”