பந்தை நிறுத்தியவள்

"யாருக்குடி இந்தச் சிங்காரம்? பொடவய மாத்திட்டு அடுப்பங்கரையப் பாரு!"

காலையிலேயே குஞ்சம்மாளின் குரல் வீட்டை அதிர வைத்தது. வெற்றிச்செல்வி அசையவில்லை. கஞ்சி போட்ட நீலப் புடவையின் கொசுவத்தை நிதானமாகச் சரிசெய்தாள்.

"சோறு வடிச்சாச்சு அத்தே. சாம்பாரும் எறக்கிட்டேன். இந்த வருசம் கிரவுண்டுக்கு நானும் வரேன்."

"நீயா...? எம் புள்ள பேருல நடக்குற மேட்ச்சுக்கு நீயா?"

குஞ்சம்மாளின் மகன் அறிவரசன் கல்கத்தாவில் பெரிய கிளப் ஒன்றில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடியவன். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டிய அந்த ஊரிலிருந்து அப்படிப் போனவன் அவன் ஒருவனே. கல்யாணமான மறுவருடம் ஆட்டத்தை விட்டான். பட்டாளத்தில் சேர்ந்தான். எல்லைச் சண்டையில் உயிரைக் கொடுத்து, கொடி போர்த்திய பெட்டியில் ஊர் திரும்பினான்.

"பொண்டாட்டி அழுதா, அதான் பந்த விட்டுட்டேன்" என்று அவனே ஒருமுறை வீட்டில் சொல்லியிருந்தான். குஞ்சம்மாளும் ஊரும் வெற்றிச்செல்வியைப் பழிக்க அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஆண்டுதோறும் அவன் நினைவாக நடக்கும் போட்டிக்கு ஆட வருகிறவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவள் அவள்தான். மைதானத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை.

"நீ அழுவாம இருந்திருந்தா அவன் பந்தோட இருந்திருப்பான்டி! துப்பாக்கிய ஏன் தூக்கப்போறான்? முழுங்கிட்டியேடி எம் புள்ளய..."

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

வாசலில் கலைச்செல்வன் நின்றிருந்தான். அறிவரசனோடு அதே கிளப்பில் ஆடியவன். இன்றைய போட்டிக்குச் சிறப்பு விருந்தினர். பேச்சு முழுவதும் அவன் காதில் விழுந்திருந்தது.

வெற்றிச்செல்வி பதறி முன்னே வந்தாள். "அண்ணே, வேணாம்! அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்..."

"நான் குடுக்கலியேம்மா!" கலைச்செல்வன் குஞ்சம்மாளைப் பார்த்தான். "கிளப்புதாம்மா அவன வேணாம்னுச்சு. அடுத்த வருசத்துக்கு டீம்ல எடுக்கல. 'எங்கம்மா ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுதுடா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்'னு எங்கிட்ட அழுதான். அதான் பழிய இந்தப் பொண்ணு மேல போட்டான். இது அழுதது நெசந்தான். பட்டாளத்துக்குப் போவாதீங்கன்னு அழுதுச்சு!"

குஞ்சம்மாள் சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்டி சொல்லல? நான் வாய்க்கு வந்தபடி ஏசுனப்பல்லாம் ஏன்டி கல்லாட்டம் நின்ன?"

"நீங்க அவரப் பெருமையாப் பேசுறதுதான் அவருக்கு உசிரு. அத நான் எப்படி அத்தே புடுங்குவேன்?"

குஞ்சம்மாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் வெகுநேரம் அழுதார்கள். பிறகு கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"வாடி! மைக்க வாங்கி நானே சொல்றேன். ஊரே கேக்கட்டும்!"

வெற்றிச்செல்வி கையை உதறிக்கொண்டாள். அவள் கண்ணில் இப்போது ஈரமில்லை.

"சொல்லக் கூடாது! இந்தப் பேச்சு இந்த வாசப்படி தாண்டக் கூடாது. அண்ணே, ஒங்களுக்கும்தான் சொல்றேன். அவரு மறைக்க நெனச்சத மைக்குல கூவ நமக்கு உரிமையில்ல. ஊரு என்னையே பழி சொல்லட்டும், எனக்குப் பழகிப்போச்சு. ஆனா அவரு பொண்டாட்டின்னு முன்னாடிதான் ஒக்காருவேன். எவ தடுக்குறான்னு பாக்குறேன்!"

குஞ்சம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

மைதானத்தில் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டிருந்தது. மாமியாரும் மருமகளும் கைகோத்து நடந்து வருவதைக் கண்டதும் முன்வரிசை நாற்காலியில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் இடுப்பில் இடித்தாள்.

"பாருடி அதிசயத்த! பந்த நிறுத்துனவளே பந்தாட்டம் பாக்க வந்துட்டா!"

குஞ்சம்மாள் நின்றாள். மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாடி, இவதான் நிறுத்துனா! எம் மருமவ சொன்னா, எம் புள்ள கேட்டான். ஒனக்கு எங்கடி வலிக்குது? எந்திரி, அவ ஒக்காரட்டும்!"